சிகாகோ எழுதிக்கொடுத்த மறுப்பு

ரைண்டர் ஹூக்ஸ்மா நூற்று நாற்பத்தாறு கம்பெனிகளுக்கு இயக்குநர். இதைக் கேட்டு யாரும் எழுந்து நின்றுவிட வேண்டாம். ஆபீசுக்குச் சைக்கிளில்தான் வருவார். மழை பெய்தால் மேலே ஒரு ரப்பர் கோட்டு. மதியத்துக்கு இரண்டு துண்டு ரொட்டி, நடுவே ஒரு சீஸ் வில்லை, கூட ஒரு டம்ளர் மோர். பிறந்தநாளன்று மற்றவர்களைப் போலவே தன் கேக்கைத் தானே வாங்கிவந்து எல்லோருக்கும் வெட்டிக்கொடுப்பார்.

ஹூஃப்ட்டோர்ப்பில், ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் அவருடைய ஆபீஸ். மூன்றாவது மாடியில் பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். நானூறு கம்பெனிகள் குடியிருக்கின்றன. கம்பெனி என்றதும் புகைபோக்கியும் சங்குச் சத்தமும் நினைவுக்கு வந்தால் அது உங்கள் வெள்ளை மனசு. இங்கே கம்பெனி என்றால் அலமாரித் தட்டில் ஒரு பைல். அந்தப் பைல் நெதர்லாந்துக்காரப் பைல் என்று உலகம் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் இங்கே ஒரு முகவரி, ஒரு வங்கிக் கணக்கு, இந்த மண்ணில் உட்கார்ந்து முடிவெடுக்க இந்த மண்ணில் வசிக்கும் ஆட்கள், எல்லாம் வேண்டும். அந்த ஆட்களை வாடகைக்கு விடுவதுதான் ஆபீசின் தொழில். ரைண்டர் முப்பத்தொரு வருடமாக வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

அவருடைய பைல்களிலேயே கொழுத்தது ஃபென்லி. சிகாகோக்காரர்களின் பற்பசை. பசையைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில், பிதுக்குகிறவர்கள் உலகமெல்லாம், ஆனால் அதன் செய்முறைக்குச் சொந்தக்காரர் ஹூஃப்ட்டோர்ப் மூன்றாவது மாடி அலமாரியில் இருக்கிற ஃபென்லி ஹோல்டிங்ஸ். எந்த நாட்டில் யார் ஒரு டியூப் வாங்கினாலும் செய்முறைக்கான கட்டணம் இங்கே வந்து சேரும். வருடத்துக்குத் தொண்ணூறு கோடி யூரோ. வந்த வேகத்தில் பெரும்பகுதி பனைமரம் நிற்கிற ஒரு தீவுக்குக் கிளம்பிவிடும்; மிச்சம் ஒட்டுகிற கொஞ்சத்துக்கு இங்கே வரி. ஊழியர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அரை என்று போட்டிருக்கும். அந்த அரை ரைண்டர்தான். அவர் வீட்டில் தேய்ப்பது வேறு பற்பசை, அதுதான் மலிவு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபென்லி ஹோல்டிங்ஸின் இயக்குநர் கூட்டம். கூட்டம் இந்த மண்ணில் நடந்தே ஆக வேண்டும் என்பதால் சிகாகோவிலிருந்து இரண்டு பேர் ராத்திரி விமானத்தில் வந்து, விமான நிலைய ஓட்டலில் முகம் கழுவி, கூட்ட அறைக்குள் நுழைவார்கள். ஒருவர் கர்டிஸ், வரித் துறைத் தலைவர், நாற்பத்தைந்து வயது, எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற ஆள். இன்னொருவர் கம்பெனியின் வக்கீல் அம்மாள். இந்தப் பக்கம் ரைண்டர், அவரோடு இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கும் யோலந்தா. ஊருக்காக, தலைவர் நாற்காலி ரைண்டருக்கு. ஓட்டு சரிபாதியானால் அவர் சொல்வதே முடிவு என்றுகூட விதியில் எழுதிவைத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கூட்டம் நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே கூட்டத்தில் நடந்ததெல்லாம் சிகாகோவிலிருந்து தட்டச்சாகி வந்துவிடும். ‘நீண்ட விவாதத்துக்குப் பிறகு இயக்குநர் குழு ஒருமனதாக’ என்று ஒவ்வொரு தீர்மானமும் ஆரம்பிக்கும். மற்ற பைல்களின் கூட்டங்களில் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். ரைண்டர் வடக்கே ஃப்ரீஸ்லாந்துப் பிறவி, அப்பா தேவாலயத்தில் கணக்குப் பார்த்தவர். நீண்ட விவாதம் என்று எழுதியிருக்கிறதா, அப்படியானால் விவாதம் நீள வேண்டும். சமையலறை மணிக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து நாற்பத்தைந்து நிமிடத்துக்குத் திருகிவிடுவார். அது கிணுங்கும்வரை ஒருத்தரையும் எழுந்திருக்க விடமாட்டார். என்ன விவாதிப்பது என்று தெரியாமல் கர்டிஸ் சிகாகோவின் பனியைப் பற்றிப் பேசுவார், வக்கீல் அம்மாள் தன் பூனையின் மூட்டுவலியைப் பற்றிப் பேசுவார். ரைண்டர் இரண்டையும் கவனமாகக் கேட்பார்.

இப்போது வரிக் கணக்கு. நீங்களும் நானும் வரி என்றால் கட்டின காசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், பாவம். ஃபென்லி மாதிரி கம்பெனிகளின் ஏட்டில் வரி மூன்று ஜாதி. இந்த வருடமே கட்டித்தொலைக்க வேண்டியது ஒன்று. என்றைக்கோ கட்டிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டது இன்னொன்று; அந்த என்றைக்கோ வந்து யாரும் பார்த்ததில்லை. மூன்றாவது சந்தேக வரி. ஏதாவது ஒரு நாட்டு வரிக்காரர் மூக்கை நுழைத்து வழக்குப் போட்டால் கட்ட நேருமோ என்ற பயத்துக்கு ஒதுக்கிவைக்கும் பணம். மூன்றையும் கூட்டி லாபத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். சிகாகோவில் பூஜை எல்லாம் அந்தச் சதவீதத்துக்குத்தான். அது ஏறினால் பங்கு விலை இறங்கும், கர்டிஸின் போனஸும் இறங்கும்.

பயத்துக்கும் விதி இருக்கிறது. வரிக்காரர் எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் நாம் ஜெயிக்க ஐம்பத்தொரு சதவீதம் வாய்ப்பு இருந்தால் ஒதுக்க வேண்டாம், லாபமாகக் காட்டிக்கொள்ளலாம். நாற்பத்தொன்பது என்றால் அத்தனையையும் ஒதுக்க வேண்டும். தெற்கே ஒரு பெரிய நாடு, பெயர் வேண்டாம், ஃபென்லியின் மேல் முப்பத்து நான்கு கோடிக்கு வழக்குப் போட்டிருந்தது. ‘ஹூஃப்ட்டோர்ப்பில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை, எல்லாம் சிகாகோதான்’ என்பது அவர்கள் வாதம். இதே வாதத்தை இன்னும் ஒன்பது நாடுகள் நாற்பத்து நான்கு கோடிக்குக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வழக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. ஆக, எழுபத்தெட்டுக் கோடியும் ஒரே கேள்வியில் தொங்கியது: ரைண்டர் ஹூக்ஸ்மா நிஜமாகவே முடிவெடுக்கிற மனிதரா?

பத்தொன்பது வருடமாக ஐம்பத்தொரு சதவீதம் நிஜமாக இருந்துவந்தார். அந்த செப்டம்பரில் புதிதாக வந்த தணிக்கைக்காரர்கள் பழைய கூட்டக் குறிப்புகளையெல்லாம் உட்கார்ந்து படித்தார்கள். ஒரு தடவைகூட இவர் ‘வேண்டாம்’ என்று சொன்னதாகத் தெரியவில்லையே என்றார்கள். ரைண்டர் பாதிக்குக் கீழே போனார். எழுபத்தெட்டுக் கோடியும் போன வருடக் கணக்கில் ஒதுக்கப்பட்டது. பூஜைக்குரிய சதவீதம் பதினான்கிலிருந்து இருபத்திரண்டுக்கு எகிறியது.

ரைண்டருக்கு இதெல்லாம் காதில் விழுந்தாலும் மனசு வேறிடத்தில் இருந்தது. அவர் மனைவி கெர்தாவுக்கு வசந்தத்திலிருந்து கை நடுங்க ஆரம்பித்திருந்தது. காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தால் கிடுகிடுவென்று சத்தம் வரும். நல்ல கோடைகாலம் இன்னும் மூன்று இருக்கும், நான்கு இருந்தால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கெர்தா அழவில்லை, நேரே வடக்கே ஏரிகள் சூழ்ந்த ஸ்நேக் ஊருக்குப் போய், புருஷனைக் கேட்காமல், ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிட்டாள். ரைண்டருக்கு அறுபத்திரண்டு. அரசாங்கப் பென்ஷன் அறுபத்தேழில்தான். நடுவிலுள்ள ஐந்து வருடத்துக்கு ஆபீஸ் பணம் தரும், ஆனால் ஒரு நிபந்தனை: அவர் இடத்தில் வேறு இயக்குநரை வைக்க ஃபென்லி சம்மதிக்க வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி கிளம்பிவிட வேண்டும் என்பதுதான் அந்த மனுஷனின் ஒரே ஆசை.

அக்டோபரில் ஆபீஸ் மேலாளர் மார்னிக்ஸ் அவரைக் கூப்பிட்டான். முப்பத்தெட்டு வயதுப் பையன், கெட்டவன் இல்லை, கொஞ்சம் அவசரக்காரன். காபியும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

“ரைண்டர், பத்தொம்பது வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட வேண்டாம்னு சொன்னதில்லையாமே?”

“யாரும் என்னைக் கேட்டதில்லை.”

“இப்ப கேக்குறாங்க. டிசம்பர் பன்னெண்டாம் தேதி காலைல பத்தரை மணிக்கு நீங்க வேண்டாம்னு சொல்லணும்.”

சிகாகோவின் யோசனை இதுதான். டிசம்பர் கூட்டத்தில் கர்டிஸும் வக்கீல் அம்மாளும் ஒரு தீர்மானம் கொண்டுவருவார்கள்: தெற்கு நாடு சமரசத்துக்குக் கேட்டிருந்த பாதித் தொகை, பதினேழு கோடி, கட்டிவிட்டு வழக்கை முடித்துக்கொள்வது. அவர்கள் இருவரும் ஆதரித்து ஓட்டுப் போடுவார்கள். ரைண்டரும் யோலந்தாவும் எதிர்ப்பார்கள். இரண்டுக்கு இரண்டு. தலைவர் என்ற முறையில் ரைண்டர் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்வார். சிகாகோ கெஞ்சியும் ஹூஃப்ட்டோர்ப் மறுத்துவிட்டது என்று ஏட்டில் ஏறும்; தணிக்கைக்காரர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள்; காலணாவும் செலவில்லை. மறுப்பைச் சொன்ன கையோடு ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கான சம்மதக் கடிதம் கைக்கு வரும்.

எசமான் சொன்னபடி எசமானை எதிர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த மூளைக்குச் சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று யோலந்தா கேட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் ரைண்டரைக் காணும்போதெல்லாம் “என்ன புரட்சிக்காரரே, ஒத்திகை பார்த்தாச்சா?” என்று வம்பிழுத்தாள்.

கூட்டக் குறிப்பு வழக்கம்போல முன்கூட்டியே வந்தது. எல்லாம் எழுதியிருந்தது, ஓர் இடம் தவிர. ‘திரு. ஹூக்ஸ்மா பின்வரும் காரணங்களுக்காகத் தீர்மானத்தை எதிர்த்தார்’ என்பதற்குக் கீழே ஆறு வரி இடம் வெறுமையாக விட்டு, ‘அவருடைய சொந்தச் சொற்களில்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சிகாகோ எழுதினால் சிகாகோவின் வாடை அடிக்குமாம்.

வேறு ஆளாக இருந்தால் ‘தொகை அதிகம்’ என்று இரண்டு சொல் கிறுக்கிவிட்டுப் போயிருப்பான். ரைண்டர் வழக்கின் பைலை எடுத்துப் படித்தார். ஆயிரத்து நூறு பக்கம். அதை முழுக்கப் படித்தவர் ஃபென்லியிலேயே ஒருத்தரும் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த நாட்டு அதிகாரி ஒருவர் கேட்டிருந்தார்: ‘இந்த நிறுவனத்தில் அரை ஊழியர் இருக்கிறார். பற்பசையைக் கண்டுபிடித்தவர் அவர்தானா?’ ரைண்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. கேள்வியில் தப்பே இல்லை. பாதி கொடுத்தால் போதும் என்று அவர்கள் இறங்கி வந்திருப்பதே பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது.

சனிக்கிழமை காலை சமையலறை மேஜையில் வெறும் ஆறு வரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கெர்தா எதிரே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி வழுக்கி வழுக்கிப் போனது. உதவிக்குப் போனால் திட்டுவாள் என்று தெரியும், அதனால் போகவில்லை.

“வேண்டாம்னு எழுதிட்டு வந்து தொலையேன், அதுல என்ன இருக்கு?” என்றாள்.

“காரணம் கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது. குடுத்துடறதுதான் நியாயம்னு படுது.”

கெர்தா கத்தியைக் கீழே வைத்தாள். “காரணம்தான் உன் எதிர்ல உக்காந்து கெழங்கு சீவுதே, தெரியலையா? எனக்கு ஸ்நேக் போகணும், ரைண்டர். இந்தக் கை கொஞ்சமாவது அடங்கியிருக்கும்போதே கயித்தைப் பிடிக்கணும்.”

அவள் சொன்னது சரி. எழுதிவிட்டார்: ‘இத்தொகை நிறுவனத்தின் நலனுக்கு உகந்ததல்ல.’

டிசம்பர் பன்னிரண்டு. கர்டிஸ் தீர்மானத்தைப் படித்தார். தானும் வக்கீல் அம்மாளும் ஆதரிப்பதாகச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். யோலந்தா எதிர்ப்பதாகச் சொன்னாள். எல்லோரும் ரைண்டரைப் பார்த்தார்கள். ரைண்டர் காகிதத்தை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், அதைச் சத்தியமாக நம்பலாம். ஸ்நேக் நினைவிருந்தது, கத்தி வழுக்கினது நினைவிருந்தது. ஆனால் முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய சொந்தச் சொற்களைக் கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் பொய் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“நான் ஆதரிக்கிறேன். கட்டிடலாம்,” என்றார்.

கர்டிஸுக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம். இன்னொரு முறை கேட்டார். ரைண்டர் இன்னொரு முறை சொன்னார், ஆயிரத்து நூறு பக்கத்திலிருந்து நான்கு காரணங்களும் சொன்னார். மூன்றுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது, அதுவும் கர்டிஸின் சொந்த ஓட்டோடு. யோலந்தா இருமுவதுபோல வெளியே ஓடினாள். அவள் கழிப்பறையில் நின்று கண்ணீர் வரச் சிரித்தது நடைபாதை முழுக்கக் கேட்டது.

கர்டிஸ் குதித்தார். ஓட்டை ரத்து செய்யச் சொன்னார், மறுகூட்டம் போடச் சொன்னார், ரைண்டரை அங்கேயே அப்போதே நீக்கச் சொன்னார். வக்கீல் அம்மாள்தான் அவரை உட்கார வைத்தார். ரத்து செய்தால் இங்கே எதையும் சிகாகோதான் முடிவு செய்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகும், பதினேழோடு நிற்காது, எழுபத்தெட்டும் போகும் என்றார். ஆக, வேறு வழியில்லாமல் பதினேழு கோடி கட்டப்பட்டது. சம்மதக் கடிதம் கர்டிஸின் பெட்டியிலேயே சிகாகோ திரும்பியது.

அன்றைக்குக் கெர்தா கோப்பைகளை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். மூன்றாம் நாள் சொன்னாள்: “நீ நல்லவன்தான். இந்த வருஷம் கொஞ்சம் கெட்டவனா இருந்திருக்கலாம்.”

பிப்ரவரியில்தான் கூத்து. வருடக் கணக்கைச் சரிபார்க்க வந்த தணிக்கைக்காரர்கள், கர்டிஸ் குதித்ததையெல்லாம் ரைண்டர் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருந்த டிசம்பர் குறிப்பைப் படித்து அசந்துபோனார்கள். தாய்க் கம்பெனியின் வரித் தலைவர் மேஜையைத் தட்டிக் கத்தியும் உள்ளூர் இயக்குநர் அசையவில்லை, கடைசியில் தாய்க் கம்பெனி பணத்தைக் கட்டியிருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ரைண்டர் ஒரே தாவலில் தொண்ணூறு சதவீதம் நிஜமானார். முதல் வழக்குக்கு ஒதுக்கினதில் மிச்சம் பதினேழு கோடி, மற்ற ஒன்பது நாடுகளுக்கு ஒதுக்கின நாற்பத்து நான்கு கோடி, மொத்தம் அறுபத்தொரு கோடி லாபமாகத் திரும்பியது. பதினேழு போய் அறுபத்தொன்று வந்தது. வரிச் சதவீதம் ஒன்பதுக்கு இறங்கியது. நியாயமாக வரி கட்டச் சொன்ன ஒரே மனிதரால்தான் ஃபென்லி தன் சரித்திரத்திலேயே குறைந்த வரியைக் காட்டியது. கர்டிஸுக்குப் பதவி உயர்வு. பேப்பரில் ‘துணிச்சலான வரி உத்தி’ என்று அவர் படம் வந்தது.

மார்ச் கூட்டத்துக்குக் கர்டிஸ் ஒரு பெரிய சாக்லேட் பெட்டியோடு வந்தார். ரைண்டரின் தோளைத் தட்டினார். அவருக்குச் சம்பளம் கூட்டச் சொல்லியாயிற்று என்றார். வருடத்துக்கு ஒரு தடவை இப்படி ஏதாவது செய்தால் நல்லது, எதைச் செய்யலாம் என்று தாங்களே எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். ரைண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பொருளுக்கு வந்தார்: புது இயக்குநர் நியமனம். தான் ஏப்ரல் ஒன்றாம் தேதி போக முடிவு செய்திருப்பதாகவும், மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னார்.

கர்டிஸ் சிரித்தார். இப்படி ஒரு இயக்குநரை யாராவது விடுவார்களா, ஒன்பது நாடு பார்த்துக்கொண்டிருக்கிறதே என்றார். அறுபத்தேழு வரை இருந்தே ஆக வேண்டும் என்றார். ரைண்டர் தன் முடிவை மறுபடி சொன்னார். கர்டிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரைண்டர், நீங்க என்னத்தை முடிவு பண்றது? இங்க எதுவா இருந்தாலும் சிகாகோதான் முடிவு பண்ணும். இத்தனை வருஷமா அப்படித்தானே நடக்குது, உங்களுக்குத் தெரியாதா என்ன?”

ரைண்டர் பேனாவைத் திறந்தார். குறிப்பேட்டில், கடைசிப் பொருளுக்குக் கீழே, கர்டிஸின் பெயரைப் போட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எழுதினதை எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை படித்துக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டார். மிரட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. கூட்டத்தில் பேசினதை எழுதுவது தலைவரின் கடமை.

கர்டிஸின் முகம் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆனது. வக்கீல் அம்மாள் குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

“எந்தத் தேதில போகணும்னு சொன்னீங்க?” என்று கேட்டார்.

“ஏப்ரல் ஒண்ணு.”

“அஞ்சு வருஷப் பணத்தோட. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றோம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்த வரி மட்டும் இருக்க வேண்டாமே,” என்றார்.

ரைண்டருக்கு வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் முடியவில்லை. காது மடல் சிவந்துவிட்டதை யோலந்தா பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் அடிக்கோலை எடுத்து வைத்து, பத்தொன்பது வருடத்தில் அந்த மேஜையில் கர்டிஸின் ஆட்கள் பேசிய ஒரே உண்மையை, நேராக, ஒரே கோட்டில், அடித்தார்.